வெளியாள் ரத்தம்

பிறந்த குழந்தைக்குத் தோளில் குத்தும் பீ.சீ.ஜீ. ஊசி, எல்லாக் குழந்தைக்கும் ஒரு சின்னப் புண்ணாகி, பிறகு காய்ந்துபோகும். ஹில்மியின் மகன் ஹுதைபாவுக்கு அது காயவில்லை. தோளில் தொடங்கியது அக்குளுக்கு இறங்கியது, கழுத்துக்கு ஏறியது, கட்டியாகி உடைந்தது, ஆறிவிட்டது என்று நம்பும்போது மறுபடியும் கட்டியானது. காசநோய் வராமல் தடுக்கப் போட்ட ஊசி, காசநோய்க்காரர் விழுங்கும் மாத்திரைகளையே அவன் வாயில் போட வைத்தது. பையனுக்கு இப்போது ஏழு வயது. உடம்பைப் பார்த்தவர்கள் ஐந்து என்பார்கள். வாய் மட்டும் பத்து வயதுக்குக் குறையாது.

கம்பளையில் காரணம் சொல்ல ஆளுக்கா பஞ்சம்? கண்ணூறு என்றார் ஒருவர். பழைய வீட்டில் குடியிருந்த தோஷம் என்றார் இன்னொருவர். ஹில்மியின் மூத்த சகோதரி றலியா, "எங்கட குடும்பத்துல இப்பிடி ஒண்டு இல்ல. ஸுமைராட உம்மாட ஊர் கடுகண்ணாவ. அந்தப் பக்கத்து ரத்தம்" என்று முடித்துவிட்டாள். ஹில்மியும் அவன் மனைவி ஸுமைராவும் அசல் மச்சான் மச்சிதான். ஸுமைராவின் வாப்பாவுடைய சொந்தச் சகோதரியின் மகன் ஹில்மி. ஆனபடியால் வாப்பா பக்கத்தைக் குறை சொன்னால் றலியா தன் உம்மாவையே குறை சொன்னதாகிவிடும். எதற்கு வம்பு என்று பழியை நேரே கடுகண்ணாவைக்கு அனுப்பிவிட்டாள்.

ஹில்மி மட்டும் ஊசிதான் காரணம் என்றான். அதிலே அவன் ஒரே பிடி. இப்போது ஸுமைராவுக்கு வயிற்றில் எட்டாம் மாதம் நடக்கிறது.

"இந்தப் புள்ளைக்கு ஒரு ஊசியும் இல்ல. சொட்டு மருந்தும் இல்ல. பொறக்கிற நேரம் நான் பக்கத்துல நிப்பேன். எந்த நர்ஸ் மிஸ்ஸி வந்தாலும் கை வெக்க உடமாட்டேன்."

"சின்னமுத்துக் காய்ச்சல் வந்தா எனத்த செய்யிற? வந்தா அதுக்கு மட்டுமா வரும்? ஹுதைபாவுக்குத்தானே மொதல்ல ஒட்டும். டொக்டர் சென்னது கேக்கல்லியா?"

"டொக்டர்மார் சென்னதக் கேட்டுத்தானே இவன் இப்பிடி ஈக்கான்."

ஊசி கெட்டதா, தன் பிள்ளையின் உடம்பு கெட்டதா என்று ஸுமைராவுக்குத் தெரிந்தாக வேண்டும். தெரியாமல் இன்னொரு பிள்ளையைப் பெற்றுக் கையில் ஏந்த அவளுக்குப் பயமாக இருந்தது. அந்தப் பயத்தை யாரிடமும் சொல்லவும் முடியவில்லை. சொன்னால் றலியா மதினிக்கு ஒரு பேச்சுக் கிடைக்கும்.

ஆஸ்பத்திரியின் பெரிய டொக்டர்தான் அவர்களைப் பேராதனைப் பக்கத்தில் இருந்த ஓர் ஆய்வுகூடத்துக்கு அனுப்பினார். ஹபீல் தன் த்ரீவீலில் ஏற்றிக்கொண்டு போனான். கெலிஓயாவைத் தாண்டும்வரை ஹுதைபா ஆற்றைப் பார்த்துக் கேள்வி கேட்டான், ஹபீல் சளைக்காமல் பதில் சொன்னான். ஹபீல் கடுகண்ணாவையில் ஸுமைராவின் பக்கத்து வீட்டுக்காரன். அவள் பிறந்தபோது உம்மாவுக்குக் காய்ச்சல் கண்டு பால் வற்றியது. ஹபீலின் உம்மா தன் மகனோடு இவளையும் மடியில் போட்டு வளர்த்தார். பால் குடித்த உறவு கூடப் பிறந்த உறவுக்குச் சமம். ஹபீலும் ஸுமைராவும் ஒருநாளும் நிக்காஹ் செய்ய ஆகாது. அவன் அவளுக்கு நானா, அண்ணன்.

ஆய்வுகூடத்தில் தர்ஷிகா என்ற பெண் அவர்களை வரவேற்றாள். தெல்தோட்டைப் பக்கத் தேயிலைத் தோட்டத்தில் பிறந்து படித்து வந்தவள். வெள்ளைக் கோட்டுப் பையில் பேனையோடு ஒரு டொபியும் வைத்திருந்தாள். அதை ஹுதைபாவிடம் கொடுத்துவிட்டுத்தான் பேசத் தொடங்கினாள்.

"உக்காருங்கக்கா. படி ஏறி வந்துட்டீங்க, மூச்சு வாங்குது. மொதல்ல தண்ணி குடிங்க."

"மிஸ், இவனுக்கு எனத்த செல்லி ஈக்கி?"

"சொல்றேங்க்கா. ஒடம்புக்குள்ள கிருமி வந்தா ஒரு அணு சத்தம் போடும். அந்தச் சத்தம் மத்த அணுவுக்குக் கேக்கணும். கேட்டாத்தான் முழிச்சிக்கிட்டு அடிக்க வரும். தம்பியோட அணுவுக்குக் காது இல்லன்னு நெனைக்கிறோம்."

"எனக்குக் காது ஈக்கே" என்று ஹுதைபா இரண்டு காதையும் பிடித்துக் காட்டினான்.

"அது இருக்குடா தம்பி. நான் சொல்றது கண்ணுக்குத் தெரியாத காது."

ஸுமைரா விடவில்லை. "நெனைக்கிறீங்களா மிஸ், தெரியுமா?"

தர்ஷிகா கொஞ்சம் யோசித்துச் சிரித்தாள். "நல்ல கேள்வி. நெனைக்கத்தான் செய்யிறோம். காது செய்யிற மரபணுவுல ஒரு எழுத்து மாறியிருக்கு. அந்த மாத்தத்த இதுக்கு முன்ன யாரும் பாத்ததா எங்கயும் இல்ல. அதனாலதான் காது போச்சா, இல்ல அது சும்மா மச்சம் மாதிரி கெடக்குதான்னு பாக்கணும்."

"எப்பிடிப் பாக்கிற?"

"நல்லா இருக்கிற ஒருத்தரோட ரத்தத்த எடுத்து, அவரு அணுவுல அந்த ஒரு மரபணுவ மட்டும் அடக்கி வைப்போம். அதுக்குன்னு சின்ன ஆர்.என்.ஏ. இழை ஒண்ணு இருக்கு. அடக்கினதும் அவரு அணுவும் தம்பி அணு மாதிரியே செவிடாப் போச்சுன்னா, இந்த நோய்க்கு அந்த மரபணுதான் காரணம்."

ஸுமைரா வாயைப் பொத்திக்கொண்டாள். "நல்ல மனிசன்ட ரத்தத்த நோயாக்கிறதா?"

"தட்டுல எடுத்த ரத்தத்த மட்டுந்தாங்க்கா. ஆளுக்கு ஒண்ணும் ஆகாது, அவரு டீ குடிச்சிட்டு வீட்டுக்குப் போயிருவாரு."

"அந்த இழை எப்பிடி அடக்கும்?"

"எங்க தோட்டத்துல தொரை ஆபீஸுல இருந்து துண்டு எழுதி அனுப்புவாரு, இன்னிக்கு எந்த மலையில கொழுந்துன்னு. துண்டு கங்காணி கைக்கு வந்தாத்தான் ஆளு மலைக்குப் போகும். வழியில யாராவது துண்டக் கிழிச்சிட்டா? தொரையும் இருப்பாரு, எழுதவும் செய்வாரு, மலையில வேலை நடக்காது. இந்த இழை துண்டு கிழிக்கிற வேலையத்தான் செய்யும். மரபணு அப்பிடியே இருக்கும், அதோட பேச்சு மட்டும் போய்ச் சேராது."

இவ்வளவு பெரிய காரியம் இவ்வளவு சின்னக் குறும்பில் நடக்கிறதா என்று ஸுமைராவுக்கு ஆச்சரியமாக இருந்தது. பிறகு மனதில் இருந்ததைக் கேட்டாள்.

"செவிடாக்கத் தெரிஞ்ச ஒங்களுக்கு, செவிடான காதத் தொறக்கத் தெரியாதா மிஸ்?"

"இங்க எங்களுக்கு இன்னும் தெரியாதுக்கா" என்றாள் தர்ஷிகா. "கெடுத்துப் பாத்துத்தான் எது எதுக்குன்னு கண்டுபிடிக்கிறோம். அதுக்கப்புறந்தான் மத்ததெல்லாம்."

பொய் சொல்லாத பெண் என்று ஸுமைராவுக்கு அப்போதே அவள்மேல் நம்பிக்கை வந்தது. புறப்படும்போது தர்ஷிகா, ஹுதைபாவோடு ஒரே நேரத்தில் ரத்தம் கொடுக்க ஆரோக்கியமான ஒருவரைக் கூட்டி வரச் சொன்னாள். "சொந்தம் இல்லாதவரா இருக்கணும். வெளியாளு."

வெளியாளை எங்கே தேடுவது? வீட்டு நோயை ஊருக்குச் சொல்ல ஹில்மி விரும்பவில்லை. "ஹபீலக் கூட்டிக்கிட்டு போவமே" என்று அவன்தான் முதலில் சொன்னான். ஸுமைரா மறுத்தாள்.

"நானா எப்பிடி வெளியாள்? ஒரு பாலக் குடிச்ச நாங்க. மிஸ் சொந்தம் ஆகாதுன்னு செல்லி ஈக்காங்க."

"அப்ப ஷாமில்?"

ஷாமில் அவர்களுடைய கராம்புக் கடையில் சாக்குத் தூக்கி நிறுக்கிறவன். காளைமாடு போல இருப்பான். காய்ச்சல் என்று ஒருநாள் படுத்ததில்லை. அவன் ஹில்மியின் சாச்சி மகன், ஸுமைராவுக்கு இளைய மாமியின் மகன். அவள் அவன் முன்னால் முக்காடு இல்லாமல் நின்றதில்லை. சாப்பாட்டுக் கோப்பையைக்கூடக் கதவு இடுக்கால்தான் நீட்டுவாள். கட்டிக்கொள்ள ஆகுமான ஆள் எப்படிச் சொந்தமாக முடியும்? மார்க்கப்படி அவன் அந்நிய ஆண். கணக்குச் சரியாகத்தான் வந்தது. ஷாமில் போய், ஊசியைப் பார்க்காமல் கூரையைப் பார்த்தபடி ரத்தம் கொடுத்துவிட்டு, "கடை ஆள்" என்று சொல்லிவிட்டு வந்தான்.

அதற்குப் பிறகு தர்ஷிகாவிடமிருந்து நல்ல செய்தி வரவில்லை. ஹுதைபாவின் அணுக்கள் சத்தத்துக்கு அசையவே இல்லை. அது எதிர்பார்த்ததுதான். வெளியாளின் அணுக்களோ, இழை போடாத தட்டிலும் பாதிதான் முழித்தன. அர்த்தமில்லாத இழை என்று ஒன்றை, சும்மா ஒப்பிட்டுப் பார்க்க, இன்னொரு தட்டில் போடுவார்களாம். அதிலும் பாதி. முழுதாக முழிக்க வேண்டிய ஆள் பாதி முழித்தால், அடக்கியதால் செவிடானதா, ஏற்கெனவே மந்தமா என்று எப்படிச் சொல்வது? இழை கெட்டுவிட்டதா, கை தவறிவிட்டதா என்று திரும்பச் செய்து பார்த்தாள். திரும்பவும் பாதி. வெளிநாட்டிலிருந்து ஐஸில் வந்த இழை இன்னும் ஒரு முறைக்குத்தான் மீதி இருந்தது. புதிதாக வரவழைப்பதற்குள் குழந்தை பிறந்துவிடும்.

"பாத்தியா, அவங்களுக்கே தெரியா" என்றான் ஹில்மி. அந்த வார்த்தை ஸுமைராவைக் குத்தியது.

ஒரு சனிக்கிழமை தர்ஷிகா தானே கம்பளைக்கு வந்தாள், கையில் ஐஸ் பெட்டியோடு, மறுபடியும் ரத்தம் எடுத்துப்போக. கராம்புக் காலம். முற்றம் முழுக்கப் படங்கு விரித்துக் கராம்பு காய்ந்தது. பச்சையும் சிவப்புமாய் இருந்த மொட்டுகள் வெயிலில் கறுத்துக்கொண்டிருந்தன. வாசத்தில் கண் எரிந்தது. ஸுமைராவும் றலியாவும் பலகையில் உட்கார்ந்து, புதிதாக வந்த கொத்துகளைக் காம்பிலிருந்து கழற்றிக்கொண்டிருந்தார்கள். வயிற்றுப் பிள்ளைக்காரிக்கு எதற்கு இந்த வேலை என்று தர்ஷிகா கேட்டாள்.

"சும்மா இருந்தா பயம் வருது மிஸ். கைக்கு வேல ஈந்தா மனசு அடங்கும்."

தர்ஷிகாவும் உட்கார்ந்து ஒரு கொத்தை எடுத்தாள். ரொட்டியும் கட்டச் சம்பலும் வந்தன. அவள் உறைப்பில் மூக்கை உறிஞ்சிக்கொண்டே தின்றாள். றலியாவுக்கு அது பிடித்துப் போயிற்று. கூச்சப்படாமல் தின்னும் விருந்தாளியை யாருக்குத்தான் பிடிக்காது?

"அந்த வெளியாளுக்கு ஏதாவது நோய் வருத்தம் இருந்திச்சா? மாத்திரை ஏதும் குடிச்சாரா?"

"அவனா? அவனுக்கு வருத்தம் வந்தா வருத்தத்துக்குத்தான் வருத்தம்" என்றாள் றலியா.

அப்போதுதான் மலைப்பக்கம் இருட்டியது. கம்பளை மழைக்கு முன்னறிவிப்புக் கிடையாது. முதல் துளி படங்கில் விழுந்ததும் வீடே முற்றத்துக்கு ஓடியது. நனைந்த கராம்பு பூஞ்சணம் பூத்துப்போகும், பிறகு யாரும் ஏறெடுத்துப் பார்க்க மாட்டார்கள். ஹில்மி ஒரு முனையைப் பிடித்தான். றலியா கூடையால் அள்ளினாள். வாசலில் த்ரீவீலை நிறுத்திவிட்டு ஹபீல் ஓடி வந்தான். ஸுமைராவின் தலைத்துணி நழுவித் தோளில் கிடந்தது. அவள் அதைக் கவனிக்காமல், "நானா, அந்த மூலையப் புடிங்க" என்றாள். அடுத்த நொடி கடைப்பக்கமிருந்து ஷாமில் சாக்கோடு வந்தான். ஸுமைரா கையிலிருந்த கராம்பைப் போட்டுவிட்டு முதலில் முக்காட்டை இழுத்துப் போட்டாள். பிறகுதான் குனிந்தாள்.

மழை விட்ட பிறகு, அள்ளிய கராம்பை வீட்டுக்குள் பரப்பியபடி தர்ஷிகா கேட்டாள். "தப்பா நெனைக்காதீங்கக்கா. த்ரீவீல்காரர் வந்தப்ப முக்காடு இல்ல. கடைக்காரர் வந்தப்ப போட்டீங்க. ஏன்?"

"அவர் எங்கட நானா, மிஸ். ஒரு பாலக் குடிச்ச."

"கூடப் பொறந்தவரா?"

"இல்ல. அவங்க வேற குடும்பம். பக்கத்து வீடு."

"அப்ப ஷாமில்?"

"அவர் மாமிட மகன். கட்டிக்க ஆகுமான ஆள். அதனால முக்காடு."

தர்ஷிகாவின் கை கராம்புக்குள் அப்படியே நின்றுவிட்டது. "எந்த மாமி?"

"எங்கட வாப்பாட எளைய சகோதரி. இவரோட உம்மாட தங்கச்சி."

தர்ஷிகா மெதுவாகச் சொன்னாள். "எங்கள்லயும் அத்தை மகனத்தாங்க்கா கட்டுவாங்க. கட்டினாலும் அவரு சொந்தந்தான். ரத்தத்துக்கு முக்காடு தெரியாது. நான்தான் சரியாக் கேக்கல. சொந்தம் இல்லாதவருன்னு சொல்லிட்டு விட்டுட்டேன். ஒரே தாத்தா பாட்டியான்னு கேட்டிருக்கணும்."

ஸுமைராவுக்கு முகம் சுட்டது. தன் கணக்கு எங்கே பிசகியது என்று இப்போது விளங்கியது. பால் கொடுத்த உறவை ரத்தம் என்று ஒதுக்கினாள், ரத்த உறவை அந்நியம் என்று அனுப்பினாள். எஞ்சியிருந்த நாட்களையும் இழையையும் தானே வீணாக்கிவிட்டதாக நினைத்து அவளுக்கு அழுகை வந்தது.

"அழாதீங்கக்கா. வீணாப் போகல. ஷாமிலண்ணே, உங்க ரத்தத்துல பாத்தத இவங்க முன்னால சொல்லலாமா?"

ஷாமில் வாசலில் நின்றபடி, "செல்லுங்க, எனக்கு ஒளிக்க எனத்த ஈக்கி" என்றான்.

"உங்களுக்கும் அந்த எழுத்து மாறியிருக்கும்னு நெனைக்கிறேன். அந்த மரபணு ஆளுக்கு ரெண்டு பிரதி, அப்பாகிட்டயிருந்து ஒண்ணு, அம்மாகிட்டயிருந்து ஒண்ணு. உங்களுக்கு ஒண்ணு கெட்டிருக்கும், ஒண்ணு நல்லது. அதனாலதான் பாதி. தம்பிக்கு ரெண்டும் கெட்டுப் போச்சு."

"அரைதானா எனக்கு?" ஷாமில் தன் கையைப் பார்த்தான். "அரைய வெச்சிக்கிட்டே ரெண்டு சாக்கு தூக்குறேன். முழுசா ஈந்தா கடையத் தூக்கியிருப்பேன்."

றலியா மட்டும் சிரிக்கவில்லை. ஷாமிலுக்கும் கடுகண்ணாவைக்கும் ஒட்டும் இல்லை, உறவும் இல்லை. அவன் முழுக்க முழுக்க றலியாவின் உம்மா பக்கம். அவள் அடுப்படிக்குப் போய், யாரும் கேட்காமலே இன்னொரு ரொட்டியைக் கல்லில் போட்டாள்.

அன்று ஹபீலின் ரத்தமும் ஹுதைபாவின் ரத்தமும் ஒரே ஐஸ் பெட்டியில் போயின. மீதியிருந்த இழையில் தர்ஷிகா கடைசி முறை செய்து பார்த்தாள். ஹபீலின் அணுக்கள் இழை தொடாதபோது முழுதாக முழித்தன. அர்த்தமில்லாத இழைக்கும் முழித்தன. அந்த ஒரு மரபணுவை அடக்கியதும் ஹுதைபாவின் அணுக்களைப் போலவே அசையாமல் கிடந்தன. தர்ஷிகா தொலைபேசியில் சொன்னதை ஹபீல் கேட்டுவிட்டு, "அப்ப என்ட ரத்தம் கொஞ்ச நேரம் மருமகன்ட ரத்தமாகி ஈந்திருக்கி" என்றான். அதைச் சொல்லும்போது அவன் கண் கலங்கியிருந்தது.

ஹில்மி தொலைபேசியைப் பிடுங்கித் தானே கேட்டான். "அப்ப ஊசி குத்தமில்லியா, மிஸ்?"

"உங்க மகனுக்கு அந்த ஊசி ஆகாதுதான். அதுல நீங்க சொன்னது சரி. அந்த ஊசியில இருக்கிறது உசுரோட இருக்கிற கிருமி, தம்பியால அத அடக்க முடியல. ஆனா கேக்கிற காது இருக்கிற புள்ளைக்கு அது காவல். அடுத்த புள்ளைக்கு இந்த ஒண்ண மட்டும் நிறுத்தி வைக்கச் சொல்வாங்க, ரத்தம் பாக்குற வரைக்கும். மத்த ஊசியெல்லாம் எப்ப எதுன்னு டொக்டர் சொல்வாரு. அதுக்கு மறிக்காதீங்க."

பாதியாவது தான் சொன்னது சரி என்று ஒருவர் ஒத்துக்கொண்டது ஹில்மிக்குப் போதுமாக இருந்தது. அன்று முதல் மறிக்கிற பேச்சை அவன் எடுக்கவில்லை.

குழந்தை பிறந்தது. பெண். ஜஹானா என்று பெயர் வைத்தார்கள். தொப்புள்கொடி ரத்தத்தை எடுத்துக்கொண்டார்கள், அந்த ஒரு ஊசியை மட்டும் போடாமல் அனுப்பினார்கள். ஹில்மி, ஸுமைரா இருவரின் ரத்தத்தையும் பார்த்தார்கள். சில வாரம் கழித்துப் பெரிய டொக்டர் கூப்பிட்டுச் சொன்னார். வாப்பாவுக்குப் பாதி. உம்மாவுக்குப் பாதி. பிள்ளைக்கும் பாதி. ஒரு பிரதி நல்லது, அது போதும், ஊசி போடலாம்.

வீட்டில் வட்டிலப்பம் செய்தார்கள். றலியாவே தேங்காய் திருவினாள். ஆனால் கிளினிக்குக்குப் போகிற காலையில் ஸுமைராவின் கை குழந்தையை விடவில்லை. ஆய்வுகூடத்தை நம்பியவள் அவள், இழையையும் தட்டையும் தோண்டித் தோண்டிக் கேட்டு விளங்கிக்கொண்டவள் அவள். மிஸ்ஸி ஊசியை எடுத்ததும் அத்தனையும் மறந்துபோனது. ஹுதைபாவின் தோளும் அக்குளும் கழுத்தும்தான் கண்ணில் நின்றன. வரிசையில் மற்றத் தாய்மார் காத்திருந்தார்கள். அவள் எழுந்து தாழ்வாரத்துக்கு வந்து தர்ஷிகாவுக்குப் போன் போட்டாள்.

"மிஸ், தட்டுல பாத்ததும் புள்ளையும் ஒண்டா?"

"இல்லக்கா. தட்டு வேற, புள்ள வேற. பொய் சொல்ல மாட்டேன். தட்டு சொல்றத வெச்சித்தான் நாங்க சொல்றோம்."

"அப்ப நான் எத வெச்சி நம்புற?"

போன் ஸ்பீக்கரில் இருந்தது. பக்கத்தில் நின்ற ஹில்மி இரண்டு பேர் பேச்சையும் கேட்டான். பெண்கள் நிறைந்த இடம் என்று கூசிச் சுவர் ஓரமாக நின்றவன், சட்டையின் மேல் பொத்தான்களைக் கழற்றி இடது தோளைத் திறந்தான். அங்கே பழைய வட்டத் தழும்பு ஒன்று, தோல் சுருங்கி, வெளுத்துக் கிடந்தது.

"இங்க பாரு. நானும் அரைதான். எனக்கும் இதே ஊசி. காஞ்சி ஈக்கி."

பிறகு அவளுடைய சட்டைக் கைக்கு மேலாகத் தோளில் ஒரு இடத்தை விரலால் தொட்டான். துணிக்கு அடியில் அவளுக்கும் அது இருந்தது. பிறந்ததிலிருந்து இருந்தது. குளிக்கும்போதெல்லாம் கைபட்ட இடம், அவள் ஒருநாளும் அதை நினைத்துப் பார்த்ததில்லை.

"ஒனக்கும் ஈக்கி. நீயும் அரைதான். புள்ள எங்க ரெண்டு பேரையும் போலத்தானே."

ஸுமைராவின் கை மெல்லத் தளர்ந்தது. ஒருவரையும் கிட்டே வரவிட மாட்டேன் என்று சொன்ன அந்த மனிதன், குழந்தையின் சின்னத் தோளைத் தானே திறந்து, அசையாமல் பிடித்துக்கொண்டான். ஜஹானா கிளினிக்கே திரும்பிப் பார்க்க அழுதாள். மிஸ்ஸி பஞ்சால் துடைத்துவிட்டுத் தனக்குத் தெரிந்த தமிழில் சொன்னாள்.

"கொஞ்ச நாள் போனா புண்ணு வரும். மருந்து போட வேண்டாம். காயும்."

காயும் என்ற அந்த ஒரு சொல்லை, கெலிஓயா தாண்டி கம்பளை வந்து சேரும்வரை, ஸுமைரா வாய்க்குள் சொல்லிக்கொண்டே வந்தாள்.